பெரட்டுக் களத்தில் தூக்கிய கை

தர்ஷினி, கிஷான், இரண்டு பேரும் உட்கார்ந்து வாசியுங்கள். புது வீட்டுப் படத்தைக் கமிட்டியில் விரித்த அன்றைக்கு, "எனக்குன்னு சொன்ன சின்ன அறை எங்கேப்பா?" என்று தர்ஷினி கேட்டாள். "பிறகு சொல்றேன்" என்று நழுவிவிட்டேன். வாயால் சொல்லப் போனால் பாதியில் எனக்குக் குரல் ஏறும், உனக்குக் கண் கலங்கும், அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். அதனால் எழுதுகிறேன். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், சிரிக்காதீர்கள்.

அந்த அறை நீலகிரியில் போனது. போக்கினவன் நான்தான். எப்படி என்று சொல்ல முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

மண்சரிவில் நம் லயத்து வரிசை வீடுகள் போன பிறகு தேயிலைத் தொழிற்சாலைப் பக்கத்துக் கொட்டிலில் இருக்கிறோம். இருபத்தேழு குடும்பத்துக்கு வீடு கட்டித் தருகிறோம் என்று வெளிநாட்டு அமைப்பு ஒன்று வந்தது. அதே அமைப்பு சில வருடங்களுக்கு முன் இந்தியாவில், நீலகிரி மலையில், நம்மைப் போன்ற தோட்டத்து ஆட்களுக்கு வீடு கட்டியிருக்கிறது. "போய்ப் பாருங்கள். கடைசி நாள் குன்னூரில் ஒரு கூட்டம் இருக்கிறது, அதில் உங்கள் அனுபவத்தைப் பேசுங்கள்" என்று வீட்டுக் கமிட்டியிலிருந்து இரண்டு பேரை அழைத்தார்கள். தலைவர் என்று நானும், பெண்கள் பக்கத்துக்குப் புஷ்பம் அக்காவும் போனோம். நான் கொழும்புக்கே மூன்று தடவைதான் போனவன். புஷ்பம் அக்கா ஒரு தடவை.

முதல் நாள், மலையடிவாரத்தில் செக்போஸ்ட்டில் வேனை நிறுத்தினார்கள். எங்களைக் கூட்டிப்போக வந்திருந்தவர் சுகந்தி மேடம். கோத்தகிரிக்காரர், அமைப்புக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறவர். காவலுக்கு நின்ற ஆள் வேனுக்குள் தலையை நீட்டினார்.

"ஏனுங்க, பிளாஸ்டிக் பாட்டிலு, கவரு ஏதாச்சும் இருக்குதுங்களா? மலைக்கு மேல கொண்டுபோவக் கூடாதுங்க."

தண்ணீர்ப் போத்தல்களைக் கொடுத்துவிட்டோம். அவர் கண் புஷ்பம் அக்காவின் மடியில் இருந்த டப்பாவில் நின்றது. நெத்தலிச் சம்பல். அக்கா டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இது கடலைத் தாண்டி வந்திருக்கு. ப்ளேன்காரன் விட்டான். சுங்கத்துக்காரன் மோந்து பார்த்துட்டு விட்டான். நீ என்ன அவங்களைவிடப் பெரிய ஆளா?"

"சம்பல் போலாமுங்க அக்கா. டப்பாதான் போவக் கூடாது."

வேனே சிரித்தது. பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் பழைய கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கழுவிக் கொடுத்தார். அக்கா ரோட்டோரமாக உட்கார்ந்து கரண்டி கரண்டியாகச் சம்பலை மாற்றினார். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தது. அக்கா அவசரப்படவில்லை.

மேலே ஏற ஏற எனக்கு ஊருக்குத் திரும்பிப் போவது போலவே இருந்தது. அதே தேயிலை, அதே பனி, அதே ஈரம். தோட்டத்துக்குள் பார்த்தால்தான் வித்தியாசம். இங்கே பெண்கள் கையால் கொழுந்து எடுக்கவில்லை, பை மாட்டிய பெரிய கத்தரியால் வெட்டுகிறார்கள். புஷ்பம் அக்கா ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தார். "இது கொழுந்து எடுக்கிறதா, முடி வெட்டுறதா?" சுகந்தி மேடம், "கத்தரி புடிச்சு மணிக்கட்டு வீங்குதுன்னு இங்கயும் சொல்றாங்கக்கா" என்றார். அதற்குப் பிறகு அக்கா அதைக் கேலி செய்யவில்லை.

இரண்டாம் நாள் கிளாரா மேடமும் எங்களோடு வந்தார். அமைப்பின் பெரிய பொறுப்பில் இருப்பவர். ஆறடி உயரம், குட்டையான நரைத்த முடி. மழைக் கோட்டைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. உங்களுக்கும் நினைவிருக்கும், மண்சரிவுக்கு மூன்றாம் நாள் ரோடு உடைந்து கிடந்தபோது, தார்ப்பாய்க் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்த வெள்ளைக்கார அம்மா. அவர்தான். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இனி எழுதப்போவதை வாசித்துவிட்டு அவரைக் கெட்டவர் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. அந்தத் தார்ப்பாய்க்குள்தான் நீங்கள் இரண்டு பேரும் பதினோரு நாள் தூங்கினீர்கள்.

கட்டபெட்டுப் பக்கத்தில் வேனுக்கு பெல்ட் அறுந்துவிட்டது. மாற்று பெல்ட் வரும்வரை ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். வர்க்கி என்று ஒன்று கொடுத்தார்கள். நம் ஊர் பேக்கரி பிஸ்கட் மாதிரி இருக்கிறது, வாயில் வைத்தால் இதழ் இதழாக உதிர்கிறது. கிஷான், உனக்கு ஒரு பொட்டலம் வாங்கினேன். வரும்போது தூளாகிவிட்டது, அதைத்தான் நீ கரண்டியால் தின்றாய்.

எங்களோடு வந்த கேமராக்காரர் புஷ்பம் அக்காவைத் தேயிலைச் செடி பக்கத்தில் நிற்கவைத்தார். ஏதோ சொன்னார். சுகந்தி மேடம் தயங்கிக்கொண்டே தமிழில் சொன்னார்: "கொஞ்சம் சிரிக்காம இருக்கச் சொல்றாருங்கக்கா."

"சிரிக்காத மூஞ்சி வேணும்னா என்னை மண்சரிவு அன்னிக்கு வந்து எடுத்திருக்கணும். இன்னிக்கு நாலு வர்க்கி சாப்பிட்டுட்டேன்னு சொல்லு."

சுகந்தி மேடம் ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டார். கிளாரா மேடம் கேமராவை உள்ளே வைக்கச் சொன்னார்.

அங்கேதான் கூட்டத்தில் நான் பேச வேண்டியதைத் தாளில் கொடுத்தார்கள். கொழும்பு அலுவலகத்தில் தமிழில் தட்டச்சு செய்தது. 'எங்கள் ஒவ்வொருவரின் குரலும் கேட்கப்பட்டது. எல்லா முடிவும் எங்கள் சம்மதத்துடன் எடுக்கப்பட்டது.' எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தச் சம்மதக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவனே நான்தானே. கடை வாசலில் நின்று இரண்டு தடவை சத்தமாக வாசித்துப் பழகினேன். புஷ்பம் அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். சம்பல் போத்தலின் மூடியைத் திருப்பித் திருப்பி இறுக்கினார்.

மூன்றாம் நாள் நெல்லியாளம். விடிவதற்குள் கிளம்பி, மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போனோம். ஊட்டியில் பல் கிட்டிய குளிர் கூடலூர் தாண்டியதும் காணாமல் போனது. டிரைவர்கள் பேச்சில் மலையாளம் கலக்க ஆரம்பித்தது. வேன் போகாத பாதை என்று ஒரு ஜீப்பில் ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் ஜீப் நின்றது.

"ஆனை ரோட்டுல நிக்குது கேட்டோ. வெயிட் பண்ணணும்" என்றார் டிரைவர்.

எவ்வளவு நேரம் என்று கிளாரா மேடம் கேட்டார்.

"அது வாட்ச் கட்டலையே மேடம்."

ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். யானையின் முதுகு மட்டும் செடிகளுக்கு மேலே தெரிந்தது. நேந்திரங்காய் வறுவல் ஒரு பை காலி.

அமைப்பு கட்டிக்கொடுத்த வீடுகள் ஒரு சரிவில் வரிசையாக இருந்தன. நம் லயம் மாதிரி முதுகோடு முதுகு ஒட்டாமல் தனித்தனி வீடு. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு கல், அதில் பணம் கொடுத்த வெளிநாட்டுக்காரரின் பெயர். எங்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு இந்திராணி என்பவர் வீட்டில். என் வயதுதான் இருக்கும். அவர் அப்பா நம் தலவாக்கலைப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்தவர். இந்திராணி இங்கேயே பிறந்தவர், ஆனால் பேச்சில் லயம், பெரட்டு என்று நம் ஊர்ச் சொல் அப்படியே இருக்கிறது. சோறுதான் வரும் என்று பார்த்தால் ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தது. புஷ்பம் அக்கா தன் போத்தலை எடுத்து வைத்தார். இரண்டு சம்பலையும் ருசி பார்த்து, எது உறைப்பு என்று இரண்டு பெண்களும் கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள்.

கல்லில் எழுதியிருக்கும் பெயர்களைப் பற்றிக் கேட்டேன்.

"அதுதாண்ணே எங்க அட்ரஸே. ஆட்டோக்காரன் எங்க போவணும்னு கேட்டா, ஹென்றி ஊட்டுக்குப் பக்கத்துலன்னு சொல்லுவோம். மார்கரெட் ஊட்டுல தையல் மெஷின் இருக்கு. ஹென்றி ஊட்டு நாய் கடிக்கும்."

"ஹென்றியை யாராவது பார்த்திருக்கீங்களா?"

"வரட்டும். முதல்ல அந்த நாய்க்குத் தெரியணும் அவரு ஊடுன்னு."

சுகந்தி மேடம் இதையும் மொழிபெயர்த்தார். கிளாரா மேடம் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எழுந்து வெளியே போய்ச் சுவரில் இருந்த கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வீட்டைக் காலடியால் அளந்து பார்த்தேன். ஒரு அறை, சமையல்கட்டு, முன்னால் பத்தடிக் கூடம். நமக்குக் காட்டிய படத்தில் இரண்டு அறையும் ஒரு சின்ன அறையும் இருந்தன. அந்தச் சின்ன அறையைத்தான் தர்ஷினிக்கு என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். மெதுவாக இந்திராணியிடம் கேட்டேன்: "ஏன் இவ்வளவு சின்னது? உங்களை ஏமாத்திட்டாங்களா?"

"அவங்க பெருசாத்தான் படம் போட்டாங்க. நாங்கதான் சின்னதாக்கச் சொன்னோம்."

ரொட்டி சுட்டுக்கொண்டே அவர் சொன்ன கதை இது. அவர் அப்பா தோட்டத்தில் நிரந்தர ஆள். இந்திராணி நாள்கூலி. அப்பா போன பிறகு இவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. "லயத்துல ஒரே சுவருண்ணே. அந்தப் பக்கம் பெர்மனென்ட் ஆளுங்க, இந்தப் பக்கம் நாங்க. மழையில ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் இடிஞ்சுச்சு. லிஸ்ட்டுல மட்டும் அந்தச் சுவரு இடியல." தோட்டத்து ஆபீஸ் புத்தகத்தைப் பார்த்து எழுதிய பட்டியலில் ஒன்பது குடும்பம் விடுபட்டது. அப்போது பட்டியலில் இருந்த ராசம்மா என்ற பெண், கணக்கெடுக்க வந்தவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்: "புத்தகத்தைப் பார்க்காதீங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க. எத்தனை அடுப்பு எரியுதோ, அத்தனை குடும்பம்."

அவரும் வந்திருக்கிறார், எண்ணியிருக்கிறார். ஆனால் கல்லும் சீமெந்தும் அதே அளவுதான். ஒரு மாதம் தெருவில் சண்டையாம். கடைசியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அறையைக் குறைத்து ஒன்பது வீட்டைக் கூட்டியிருக்கிறார்கள். "இன்னிக்கும் ரெண்டு பேரு, உன்னாலதான் என் மவன் கூடத்துல படுக்கிறான்னு என்னைக் குத்திக் காட்டுவாங்க. காட்டட்டும்" என்றார்.

பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்: "உங்க ஊருல லிஸ்ட்டு எப்பிடிண்ணே எடுத்தாங்க?"

நான் பெருமையாகச் சொன்னேன். வீடு வீடாகப் போனால் ஆள் கிடைக்காது என்று, காலை ஆறரைக்குப் பெரட்டுக் களத்தில் கூட்டம் வைக்கலாம் என்று யோசனை சொன்னதே நான். வேலை பிரிக்கும்முன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு எல்லாரும் அங்கே நிற்பார்கள். அமைப்புக்காரர் வீட்டுப் படத்தை விரித்துக் காட்டினார். கணக்கப்பிள்ளை, வேலையாட்கள் பெயர் இருக்கும் செக்ரோல் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். எல்லாரும் கை தூக்கினார்கள், புகைப்படம் எடுத்து முடியும்வரை இறக்கவில்லை. ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

இந்திராணி ரொட்டியைத் திருப்ப மறந்துவிட்டார். கருகல் வாசம் வந்தது.

"அண்ணே, பெரட்டுல பேர் கூப்பிட்டா கை தூக்காம எவ நிப்பா? தூக்கலைன்னா அன்னிக்குச் சம்பளம் இல்ல. எங்க அம்மா காய்ச்சலோட வந்து தூக்கிட்டுப் போய்ப் படுக்கும். உங்க வீட்டுக்குச் சரின்னு தூக்குனாங்களா, வேலைக்கு வந்துட்டேன்னு தூக்குனாங்களா?"

இருபத்தைந்து வருடமாகத் தொழிற்சாலை வேலைக்கு நானே அப்படித்தான் தூக்குகிறேன். அன்றைக்கும் அப்படித்தான் தூக்கினேன். படம் என்ன, இடம் என்ன என்று ஒருவரும் யோசித்துத் தூக்கிய கை இல்லை அது.

"செக்ரோல்ல பேர் இல்லாதவங்க உங்க லயத்துல யாருமே இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் புஷ்பம் அக்கா, "நாலு அடுப்பு" என்றார்.

அந்த நாலில் ஒன்று செல்வராணி அக்கா வீடு. கிஷானுக்குக் கணக்குச் சொல்லித் தரும் யசோவின் அம்மா. பிள்ளைகளுக்காக வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய்விட்டு வந்தவர், திரும்பி வந்தபோது செக்ரோலில் பெயரை வெட்டியிருந்தார்கள். மண்சரிவில் முதலில் போனது லயத்தில் அவர் குடியிருந்த காம்பராதான். நான் இந்தியாவுக்குப் புறப்படும்முன் என்னிடம் வந்து, "தம்பி, எங்களை எப்போ கூப்பிடுவாங்க?" என்று கேட்டார். "அடுத்த கட்டத்துல வரும் அக்கா" என்றேன். அடுத்த கட்டம் என்று ஒன்று எந்தத் தாளிலும் இல்லை. அது எனக்குத் தெரியும்.

திரும்பி வரும் வழியில் பின் சீட்டில் நானும் புஷ்பம் அக்காவும் குசுகுசுவென்று சண்டை போட்டோம்.

"உங்களுக்குத் தெரிஞ்சே ஏன் சொல்லல?" என்றேன்.

"உனக்குத் தெரியாதாக்கும். நம்ம ரெண்டு பேருக்கும் வீடு வருது. அதான் ரெண்டு வாயும் ஒட்டிக்கிச்சு."

"இப்போ பேசினா, குடுக்கிறவங்க கோவிச்சுட்டுப் போயிட்டா?"

"போயிட்டா, இருபத்தேழு குடும்பமும் என்னைத்தான் கூடையோட சேர்த்துக் கொளுத்தும். அது தெரியாமலா சொல்றேன்?"

உண்மையைச் சொல்கிறேன் தர்ஷினி. அந்த நேரத்தில் நான் செல்வராணி அக்காவை மட்டும் நினைக்கவில்லை. மேசை எந்தப் பக்கம் போடுவது என்று நீ கொப்பியில் பென்சிலால் கீறி வைத்திருந்தாயே, அதையும் நினைத்தேன்.

நாலாம் நாள் குன்னூரில் கூட்டம். ஒரு பழைய பங்களாவின் பெரிய மண்டபம், வெளிநாட்டிலிருந்தும் இந்தியாவின் பல ஊர்களிலிருந்தும் நாற்பது பேர் வந்திருந்தார்கள். என்னைப் பேச அழைப்பதற்கு முன்னால் சுவரில் ஒரு புகைப்படத்தை ஆள் உயரத்துக்கு விழவைத்தார்கள். நம் பெரட்டுக் களம். பனி. வரிசையாக நம் ஆட்கள். எல்லாக் கையும் மேலே. மண்டபத்தில் கைதட்டினார்கள்.

அவ்வளவு பெரிதாக அந்தப் படத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வலது ஓரத்தில், தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில், செல்வராணி அக்கா நிற்கிறார். யசோவின் புத்தகப் பையைப் பிடித்துக்கொண்டு. அவர் கை மட்டும் கீழே.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். முதல் வரியை வாசித்தேன். இரண்டாவது வரி 'எங்கள் ஒவ்வொருவரின் குரலும்' என்று தொடங்கும். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"இது சம்மதம் சொல்ற கை இல்லைங்க" என்றேன். "பேர் கூப்பிட்டா தூக்குற கை."

சுகந்தி மேடம் என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "அப்படியே சொல்லட்டுங்களாண்ணா?"

"அப்படியே சொல்லுங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பெரட்டு என்றால் என்ன, அதில் கை தூக்கினால் என்ன கிடைக்கும், கூட்டத்தை அங்கே வைக்கச் சொன்னது என் பிழை, செக்ரோல்தான் பட்டியலாக மாறியது, நாலு அடுப்பு விடுபட்டது. எங்கள் கையைத் தூக்க வைத்தது உங்கள் அமைப்பு இல்லை, எங்கள் பழக்கம் என்றும் சொன்னேன். ஆனால் அந்தக் கை எதற்குத் தூக்கப்பட்டது என்று கேட்க நீங்களும் நிற்கவில்லை என்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

முன்வரிசையில் இருந்த வயதான வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுந்தார். அவர் கேட்டதைச் சுகந்தி மேடம் சொன்னார்: "அப்படீன்னா இந்த வீடுக உங்களுக்கு வேண்டாமுங்களா?"

நான் பயந்த கேள்வி அதுதான். "வேணுங்க ஐயா. ரொம்ப வேணும்" என்றேன்.

புஷ்பம் அக்கா பின்னாலிருந்து எழுந்தார். மைக் கொடுக்க வந்தவரைத் தள்ளிவிட்டு, கொழுந்து மலையில் கூப்பிடுகிற குரலிலேயே பேசினார். "வீட்டுக்கு நாலு பேர் கூடுதலா வந்துட்டாங்கன்னு தேத்தண்ணியைக் கீழ கொட்டிடுவோமா? கோப்பைக்குக் கொஞ்சம் குறைச்சு ஊத்துவோம். அதைத்தான் கேக்கிறோம். எங்க ஆளுங்ககிட்ட அதை ஒழுங்கா கேக்கணும்னு கேக்கிறோம்."

கிளாரா மேடம் எழுந்து சுவர்ப் பக்கம் போனார். படத்தின் வெளிச்சம் அவர் முகத்திலும் கோட்டிலும் விழுந்தது. "அந்த அம்மா எங்கே?" என்று கேட்டார். நான் போய் விரலை வைத்துக் காட்டினேன். அவர் சொன்னதைச் சுகந்தி மேடம் மெதுவாகத் தமிழில் சொன்னார்: "அஞ்சு மாசமா போற எடத்துக்கெல்லாம் இந்தப் படத்தைத்தான் காட்டிட்டிருந்தேன். இவங்களை ஒரு நாளும் பார்க்கலை."

மதியச் சாப்பாட்டின்போது எங்கள் மேசைக்கு முதலில் யாரும் வரவில்லை. அவரைக் குழம்பு, சோறு, பீட்ரூட் பொரியல். நல்ல ருசி. கடைசியில் கிளாரா மேடம் தட்டோடு வந்து உட்கார்ந்தார். புஷ்பம் அக்கா மிச்சச் சம்பலை அவர் தட்டில் வைத்தார். அவர் வாயில் போட்டதும் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"அழுறாங்களா, உறைப்பா?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டும் இருக்கும். தண்ணியைக் குடு" என்றார் அக்கா.

ஐந்தாம் நாள் காலை, புறப்படுவதற்கு முன் கிளாரா மேடம் எங்களிடம் வந்தார். கல்லும் சீமெந்தும் இதற்கு மேல் கிடைக்காது, அது தன் கையில் இல்லை என்றார். வரைபடத்தை மாற்றலாம், எல்லாரும் ஒத்துக்கொண்டால். எல்லாரும் என்றால் யார் யார் என்பதை இந்த முறை நீங்கள் சொல்லுங்கள் என்றார். எனக்கு இருந்த சந்தோஷத்தில், "சரி, இப்பவே மாத்திடுங்க மேடம்" என்று சொல்லப் போனேன். புஷ்பம் அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"நம்ம ரெண்டு பேரும் இங்க உட்கார்ந்து சரின்னா, அதுவும் பெரட்டுத்தான் தம்பி."

ஊருக்கு வந்த பிறகு நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொழும்பு அலுவலகத்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கொட்டில் கொட்டிலாகப் போனோம். முப்பத்தோரு அடுப்பு. வீட்டுக்கு ஒரு சின்ன அறையைக் குறைத்து நாலு வீட்டைக் கூட்டலாமா என்று ஒவ்வொரு அடுப்பின் பக்கத்திலும் உட்கார்ந்து கேட்டோம், கை தூக்கச் சொல்லவில்லை. மூன்று சாயங்காலம் ஆனது. சிலர் உடனே சரி என்றார்கள். சிலர், அந்தப் புது இடமே வேண்டாம், அங்கே வெயில் விழாது, பிள்ளைக்கு இழுப்பு வரும் என்றார்கள். ஐந்து மாதமாக இதை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. அதனால்தான் இப்போது வரைபடத்தில் வீடுகள் கிழக்குப் பக்கம் திரும்பியிருக்கின்றன.

மாரிமுத்து மாமா மட்டும் சத்தம் போட்டார். "முப்பது வருஷம் செக்ரோல்ல பேர் போட்டவன் நான். வெளிநாடு போனவளுக்கு என் சுவரை ஏன் குறைக்கணும்?" அவர் கேட்டதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கடைசியில் அவரும் இன்னொரு வீடும் தவிர எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அவருக்கு இப்போது என்னைக் கண்டாலே ஆகாது. ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நீங்கள் அவரைப் பார்த்தால் வழக்கம்போல வணக்கம் சொல்லுங்கள்.

தர்ஷினி, கேட்டிருந்தால் நீயும் சரி என்றுதான் சொல்லியிருப்பாய் என்று நான் எழுத மாட்டேன். உன்னை நான் கேட்கவில்லை. முப்பத்தோரு அடுப்பிலும் பெரியவர்களைத்தான் கேட்டோம். நம் அடுப்பு பக்கத்திலேயே நீ உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய், உன்னிடம் ஒருவரும் திரும்பிப் பார்த்துக் கேட்கவில்லை. அது என் பிழை. வரைபடம் இன்னும் முடியவில்லை. கூடத்தில் ஒரு மூலையை மறைப்புப் போட்டுப் பிரிக்கலாம், ஜன்னல் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று நீ சொல்லு. வேண்டாம், கோபம்தான் என்றால் அதையும் சொல்லு. அடுத்த கமிட்டியில் நீயே வந்து பேசினாலும் சரி. கிஷானும் வரட்டும்.

செல்வராணி அக்காவிடம் வீட்டு வரைபடத்தைக் காட்டினபோது, அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். யசோதான் அதை நேராக்கிக் கொடுத்தாள். "இது கதவா, ஜன்னலா?" என்று மட்டும் கேட்டார். கதவு என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எங்கே போனேன் என்று அம்மா கேட்டாள், சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புது இடத்துக்குப் போனேன். புதிதாகக் கூட்டின நாலு வீட்டுக்கும் கீழ் ஓரத்தில்தான் இடம் கிடைத்திருக்கிறது. மேலே சரிவிலிருந்து வரும் தண்ணீர் நேராக அங்கேதான் இறங்கும். கான் வெட்டுவது மலை வேலைக்காரர் வேலை, தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவன் கைக்குப் பழக்கமில்லை. பத்தடி போவதற்குள் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. சுற்றிலும் யாரும் இல்லை. சாரத்தைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டேன். மேட்டிலிருந்து பள்ளம் பார்த்து, ஓடைப் பக்கமாகத் திருப்பி, மழை பிடிப்பதற்குள் இருபத்திரண்டு அடி வெட்டினேன்.